வேற ஊர்ப் பாவசங்கீர்த்தனம்

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் போகும் பஸ்ஸில், முன் சீட்டுப் பெண் மாதா கோயிலுக்குப் போட்ட முக்காட்டை எடுக்காமலே பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்:

"செஞ்ச பாவத்தச் சொல்ற பாவசங்கீர்த்தனத்துலயே சாமியார்கிட்டப் பொய் சொல்லிப்போட்டனுங்க்கா."

"ஏன்?"

"படுக்கையில கெடக்கற மாமியாளக் கைநீட்டி அடிச்சுப்போட்டேன். நம்மூரு சாமியார்கிட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. நாமக்கல் கோயிலுக்குப் போனேன். தவக்காலமுன்னு அங்க பாவசங்கீர்த்தனம் கேக்க அவரேதான் வந்து உக்காந்திருக்காரு."

"அய்யோ! என்ன சொன்னே?"

"போன ஞாயித்துக்கெழமை பூசைக்கு வரலைன்னு மட்டும் சொன்னேன்."

"அவரு?"

"'இதச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க?'ன்னு கேட்டாரு. ஆமாங்க சாமின்னு எந்திரிச்சு வந்துட்டேன்."

அவள் முக்காட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"நாளைக்கு மாசத்து மொத வெள்ளிங்க்கா. மாமியாளுக்கு நற்கருணை அப்பம் குடுக்க அந்தச் சாமியாரே ஊட்டுக்கு வருவாரு. அவங்க ஒண்ணுஞ் சொல்ல மாட்டாங்க. ஆனா கன்னத்துல தடம் இன்னும் போவலீங்க."