முற்றின நீரின் எடை

இன்ஸ்பெக்டர் ஐயா, காப்பி பிரமாதம். யுத்த காலத்தில் இவ்வளவு சீனி போட்டுக் கொடுக்கிற இடம் தூத்துக்குடியில் வேறெங்கும் இருக்காது. குடித்துக்கொண்டே சொல்கிறேன். ஒளிக்க ஒன்றுமில்லை.

காசிலிங்க அண்ணாச்சிக்குத் தருவைகுளம் பக்கம் உப்பளம். மழைக்கு முன்னால், வெயிலில் வற்றி முற்றின உப்புநீரைத் தேக்கி வைக்க, பள்ளத்தின் குறுக்கே இரண்டாள் உயரத்தில் ஒரு கல் அணை வேண்டும் என்றார். என்னோடு இன்ஜினீயரிங் படித்துத் தங்கப் பதக்கம் வாங்கிய சுதர்சனத்துக்கு அந்த வேலை கிடைத்தது. அதே பரீட்சையில் ஃபெயிலான எனக்கு அவனுக்கு எடுபிடியாக இருக்கிற பாக்கியம் கிடைத்தது.

அணை என்பது ஒரு தள்ளுமுள்ளு. நீர் தள்ளும். ஆழம் கூடக்கூட இன்னும் பலமாகத் தள்ளும். சுவர் தன் எடையால் முரண்டு பிடிக்கும். இந்த இரண்டு விசையும் சேர்ந்து இறங்குகிற கோடு சுவரின் அடிப்பகுதிக்குள் விழுந்தால் சுவர் நிற்கும், வெளியே விழுந்தால் குப்புறச் சாயும். சிமெண்டுக்குத் தட்டுப்பாடு என்பதால் சுதர்சனம் சுவரை மெலியவைத்து, அந்தக் கோட்டை விளிம்பை ஒட்டியே இறக்கியிருந்தான். அழகான கணக்கு. ஒரே குறை, அவன் கணக்கில் இருந்தது நல்ல தண்ணீர். முற்றின உப்புநீரில் முட்டை மிதக்கும், ஐயா. அவ்வளவு கனம். அவன் தாமிரபரணியைப் பார்த்து வளர்ந்தவன், பாவம்.

அண்ணாச்சிக்குக் காட்ட மரத்தொட்டியில் மாதிரி அணை செய்தது நான். அதே கல், அதே வடிவம், அளவு மட்டும் சின்னது. கிணற்று நீரை ஊற்றினேன். நின்றது.

“பார்த்தேளா அண்ணாச்சி, மலை மாதிரி நிக்கறது” என்றான் சுதர்சனம்.

“சாமி கணக்குன்னா சும்மாவா” என்றார் அவர்.

அவர்கள் போனபிறகு உப்புநீரை ஊற்றிப் பார்த்தேன். பெரியவர்களைக் கண்ட பிள்ளை போலச் சுவர் பவ்யமாகக் குனிந்தது. சொல்லியிருக்கலாம்தான். ஆனால் மாதிரி விழுந்தால் மட்டும் போதுமா? பெரியதும் விழுந்தால்தானே சாஸ்திரம் ருசுவாகும்?

சீமையில் அணை கட்டினவர், நீர் விளிம்பைத் தொடும்போது அதன் அடியில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வது வழக்கம் என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். அப்படியொரு வழக்கம் கிடையாது. காலையில் பல் துலக்கும்போது நானே உண்டாக்கியது.

“சாமி நின்னே ஆகணும். கடையில மாட்டணும்லா” என்று அவர் பிடித்துக்கொண்டார்.

அணை கட்டி முடிந்த அன்று பம்ப் என்ஜின் உப்புநீரை இறைத்து நிரப்பிக்கொண்டிருந்தது. அளத்தில் வேலை செய்கிற பெண்களைத் தூரத்துக் கொட்டகைக்கு அனுப்பி, ஆளுக்கொரு கருப்பட்டி மிட்டாய் கொடுத்தேன்.

“ஏலே அய்யாக்குட்டி, நீ என்னைக்குலே இம்புட்டு நல்லவனான?” என்று கேட்டாள் செல்லத்தாய்.

அவர்களில் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அண்ணாச்சியையும், நான் பிடித்திருந்த கேமராவுக்குப் பின்னால், மேட்டில் ஏற்றி நிறுத்திவிட்டேன்.

சுதர்சனம் நிற்கவேண்டிய இடத்தில் சுண்ணாம்பால் வட்டம் போட்டதும் நான்தான். “இன்னும் கொஞ்சம் சுவரை ஒட்டி நில்லுடா” என்றேன்.

“மூஞ்சி தெரியறதாடா?” என்று கேட்டான்.

நன்றாகத் தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தான். சுவர் மாதிரியைப் போலவே, அதே பவ்யத்தோடு குனிந்தது. படம் விழுந்திருக்கிறது. கழுவினால் அவன் அம்மாவுக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், ஐயா. ஒரே பிள்ளை.

‘கொலை’ என்று எழுதியிருக்கிறீர்கள். ‘சோதனை’ என்றிருந்தால் பொருத்தமாக இருக்கும், ஆனாலும் கையெழுத்துப் போடுகிறேன். ‘முன்விரோதம்’ என்பதை மட்டும் அடித்துவிடுங்கள். வகுப்பில் என் கணக்கைப் பார்த்து அவன் ஒரு தடவை சிரித்தானாம், எனக்கு ஞாபகமே இல்லை. ஜன்னலோரம், இரண்டாவது பெஞ்சில், நீலக் கோடு போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தான். சிரித்தால் இடப்பக்கத் தெத்துப்பல்தான் முதலில் தெரியும்.