ரோலண்டின் தக்காளி

இந்த வசந்தத்தில் பட்டாணி நன்றாகக் காய்த்திருக்கிறது. ஒரு பிடி உரித்துத் தின்றுகொண்டே கேளுங்கள். தோட்டச் சங்க மலருக்காகப் போன வருட வெற்றியின் ரகசியத்தைக் கேட்டு வந்திருக்கிறீர்கள். மறைக்க என்ன இருக்கிறது, சொல்கிறேன்.

அக்டோபர் கடைசியில் ஊர் விவசாயக் கண்காட்சி நாள் வரும்வரை தக்காளி நாற்றைத் தரையில் நடக் கூடாது, உறைபனி கருக்கிவிடும் என்பது ஆஸ்திரேலியாவின் தென்கோடியில், அக்டோபரில் வசந்தம் வரும் எங்கள் ஹோபார்ட்டில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். எங்கள் தெருவில் யாருடைய தக்காளி முதலில் பழுக்கிறதோ, அவர் அதைக் கிறிஸ்துமஸ் விருந்தில் அறுத்து, உப்புத் தூவி, ஆளுக்கொரு துண்டு கொடுப்பார். வெற்றிப் பலகையில் அவர் பெயர் ஏறும். பக்கத்து வீட்டு ரோலண்டின் பெயர் பதினோரு முறை ஏறியிருக்கிறது. பதினோரு முறையும் நான் இரண்டாவது. அதற்குப் பலகை கிடையாது.

அவன் காய்களைப் பார்க்க ஏணி போட்டு வேலிமேல் எட்டி, விழுந்து விலா எலும்பை முறித்துக்கொண்டவன் நான். எழுபது வயதுக்கு அழகான வேலை. ரோலண்ட்தான் மருத்துவமனைக்குக் காரில் கொண்டுபோனான். வழியெல்லாம் உரத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான்.

போன வருடம் ஜூலையில் அவன் இறந்துபோனான். தானே சேர்த்துவைத்த விதையை அவன் யாருக்கும் கொடுத்ததில்லை. கடைசி உறையில் இருந்ததை முழுவதும் அவன் மனைவி ஐலீன் சமையலறைச் சன்னலில் முளைக்கப் போட்டாள். அக்டோபர் தொடக்கத்தில் நாற்றுத் தட்டோடு வந்தாள்.

"எப்ப நடலாம் மெர்வ்?"

"இப்பவே நடு."

"கண்காட்சி நாளுக்கு இன்னும் மூணு வாரம் இருக்கே?"

"அதெல்லாம் அந்தக் காலம் ஐலீன். இப்பதான் பூமியே சூடாயிருச்சே."

"நீ சொன்னா சரிதான். இந்தா, நீயும் மூணு வெச்சுக்கோ. என்னுது போனாலும் உன்னுது இருக்கும்."

பாலுக்குப் பூனையைக் காவல் வைத்தாள், பாவம்.

நான்கு நாள் கழித்து, சாயங்காலமே காற்று நின்று வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. உறைபனிக்கு அதைவிட அறிகுறி வேண்டாம். என் மூன்று நாற்றும் இருந்த கண்ணாடிக் கூண்டின்மேல் கம்பளியைப் போர்த்திக்கொண்டிருந்தேன். வேலிக்கு அப்பாலிருந்து அவள் குரல் வந்தது.

"குளுருது மெர்வ். செடிங்களை மூடணுமா?"

"வேணாம். மூடுனா மூச்சு முட்டிரும்" என்றேன், கையில் கம்பளியோடு.

காலையில் அவளுடைய நாற்று எல்லாம் வதக்கிய கீரைபோல் கிடந்தது. "ரோலண்ட் ரெண்டாவது தடவை செத்த மாதிரி இருக்கு" என்று அழுதாள். பிறகு, "உன்கிட்ட அந்த மூணு இருக்குல்ல?" என்றாள்.

"அதுவும் போச்சு" என்றேன். எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. அவளுக்கு ஒரு தேநீர்கூடப் போட்டுக் கொடுத்தேன்.

டிசம்பர் பத்தொன்பதில் என் கூண்டில் முதல் தக்காளி பழுத்தது. விருந்தில் நானே அறுத்தேன். ஐலீன் ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடினாள்.

"அப்படியே ரோலண்டோட தக்காளி மாதிரியே இருக்கு மெர்வ்."

"உப்பு அப்படி" என்றேன்.

விதையைக் கழுவி, காயவைத்து, உறையில் போட்டு என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். ஐலீன் இந்த வருடம் கடை நாற்று வாங்கியிருக்கிறாள். அவளுக்கே கொடுத்துவிடலாம் என்று எத்தனையோ முறை உறையைக் கையில் எடுத்திருக்கிறேன். ஆனால், நீங்களே சொல்லுங்கள், உறைபனி வருகிற நாளில் நாற்றை மூடத் தெரியாதவளை நம்பி அந்த விதையை எப்படிக் கொடுப்பது?