பெரட்டு என்ற பெயரில் இருந்த பக்கம்

என் பெயர் மகாராணி, வயது 33, த/பெ மகேந்திரன். கொடைக்கானல் வட்டம் வில்பட்டியில் பெற்றோருடனும் தம்பி மதனுடனும் குடியிருக்கிறேன். இவ்வழக்கில் கண்ட தங்கும் விடுதியின் இணையதளத்தையும் புக்கிங்கையும் நான் பார்த்துக்கொள்கிறேன். அதே விடுதியில் மதன் வைஃபை, கேமரா வேலை பார்க்கிறான்.

ஓர் இணைய முகவரிக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் வாங்கினால், அந்த முகவரி யாரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேட்டில் தானாக ஏறிவிடும். பிறகு அழிக்க முடியாது. எங்கள் விடுதிப் பெயருக்கு முன்னால் ஏதாவது சொல்லைச் சேர்த்துப் புதிய கிளை முகவரி வந்திருக்கிறதா என்று தினமும் அதில் பார்ப்பேன். போலி புக்கிங் பக்கங்களைப் பிடிக்கத்தான் பார்ப்பது.

கடந்த செவ்வாய்க்கிழமை காலை அதில் பெரட்டு என்ற சொல் ஆங்கில எழுத்தில் முன்னால் சேர்ந்த ஒரு முகவரி இருந்தது. திறந்தேன். பாஸ்வேர்டு கேட்கவில்லை. பெண் பணியாளர்கள் உடை மாற்றும் அறை கேமராவில் நேரலையாகத் தெரிந்தது. ஆணியில் என் நீல ஸ்வெட்டர் தொங்கியது. அதன்பின் ஹவுஸ்கீப்பிங் சுசித்ரா உள்ளே வந்து தாழ்ப்பாள் போட்டாள். தாழ்ப்பாள் சரியாக விழுந்ததா என்று ஒருமுறை இழுத்தும் பார்த்தாள். நான் ஓடிப்போய்க் கதவைத் தட்டி, "ஒண்ணும் மாத்தாத, வெளிய வா" என்றேன்.

அதன்பின் மேனேஜர் வேலப்பனிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு, "பரோட்டான்னுல்ல போட்டுருக்கு, கிச்சன்காரன் சோலிதான்" என்று சொல்லி பரோட்டா மாஸ்டர் செல்வமுருகனைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் அறைந்தார். செல்வமுருகன் மாவுக் கையோடு நின்றார். அதன்பின் போலீஸார் அவரை இந்தக் காவல் நிலையத்துக்கு விசாரணைக்கு அழைத்து வந்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

அது பரோட்டா இல்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் எண்ணுவதைப் பெரட்டு என்பார்கள். அம்மா சிறு வயதில் அங்கிருந்து வந்தவர், இப்போதும் எங்களை அந்தச் சொல்லைச் சொல்லித்தான் எழுப்புவார். விடுதியில் அந்தச் சொல் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான்.

அதன்பின் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் மதனைக் கேட்டேன். "யாருக்குமே அட்ரஸ் சொல்லலியேக்கா, நீ எப்படிப் பாத்த?" என்றான். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று இருந்திருக்கிறான். எனக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. அதன்பின் பஸ் ஏறி இங்கே வந்தேன்.

செல்வமுருகனுக்கு இதில் சம்பந்தமில்லை. இதை எழுதிக்கொண்டிருந்த பெண் காவலர், தம்பி ஆயிற்றே, "சந்தேகப்படுகிறேன்" என்று போடட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம், "தெரியும்" என்றே எழுதச் சொன்னேன்.

நான் சொன்னபடியே எழுதி, எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) ம. மகாராணி