மேனேஜரோட பல்லும் என் பல் செட்டும்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உக்காருங்க தம்பி, பல்லில்லாம பேசறதுல என் பேச்சு எனக்கே பாதிதான் புரியுது. தலைய சாய்ச்சுக்கங்க. ஆங், அப்படித்தான். நியாயமா சொல்லுங்க, பூனைக்குப் பல் விளக்கி விடுங்கன்னு எந்தப் பொண்டாட்டியாவது புருஷன்கிட்ட சொல்லிட்டு ஊருக்குப் போவாளா?

இல்ல, வாயத் திறக்காதீங்க. சோப்பு நுரை உள்ள போயிடும். நானே சொல்றேன்.

அதோ, கண்ணாடிக்கு மேல பலகையில, பவுடர் டப்பா பக்கத்துல உக்காந்து நம்ம ரெண்டு பேரையும் முறைக்குதே, அதுதான். மேனேஜர்னு பேரு. நான் வச்சதில்ல, சவரத்துக்கு வர்றவங்க வச்சது. ஒரு வேலையும் செய்யாது, எல்லாத்தையும் மேற்பார்வை பாக்கும்.

அதுக்கு வாயில ஒரு நாத்தம் வந்துச்சு தம்பி. என்ன நாத்தம்ங்கறீங்க... அது ஒரு கொட்டாவி விட்டா, பெஞ்சுல காத்துக்கிட்டு இருக்கறவங்க எந்திரிச்சு எதிர்க்கடைக்குப் போயிடுவாங்க. என் வீட்டுக்காரி அதைத் துண்டுல சுத்திக்கிட்டு மிருக டாக்டரம்மாகிட்ட போனா. அந்தம்மா உதட்டைத் தூக்கிப் பாத்துட்டு, "ஈறெல்லாம் செவந்து கெடக்கு, பல்லுல காரை ஏறியிருக்கு. தினமும் தேய்ச்சு விடுங்க, இல்லன்னா மயக்க ஊசி போட்டுத்தான் சுத்தம் பண்ணணும்"னாங்க. மனுஷங்க பேஸ்ட்டு கூடாதாம். மீன் வாசனையில தனியா ஒரு பேஸ்ட்டு, சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பிரஷ்ஷு. என் பல்லு ஒண்ணொண்ணா ஆடினப்ப யாரு வாங்கித் தந்தா?

மயக்க ஊசின்னதும் இவ அழுதா. "வயசான ஜீவனாச்சே, தூங்கினா எந்திரிக்குமோ என்னமோ"ன்னு. நான் அழல. கண்ணுல பவுடர் விழுந்துச்சு.

அப்புறம் மகளுக்குப் பிரசவம்னு கிளம்பிட்டா. வாசல்ல நின்னு, "வந்ததும் மேனேஜர் வாயத்தான் முதல்ல பாப்பேன். ஈறு செவப்பா இருந்துச்சுன்னா நீங்க கடையிலயே படுத்துக்கங்க"ன்னா. மரியாதையாத்தான் சொன்னா. இன்னைக்கு சாயங்காலம் வர்றா. நாளைக்குக் காலையில டாக்டரம்மா.

கன்னத்தை உப்புங்க. போதும், பலூன் மாதிரி வேணாம்.

தேய்ச்சீங்களான்னுதானே பாக்கறீங்க? முதல் நாள் விரல்ல துணியச் சுத்தி உள்ள விட்டேன். இந்தா பாருங்க தழும்பு. காலமெல்லாம் கத்தி புடிச்ச கை, ஒரு கீறல் விழுந்ததில்ல. மறுநாள் துண்டால சுத்தினேன். துண்டு மட்டும் கையில இருந்துச்சு. பக்கத்துக் கடை தையக்காரர் "நான் புடிச்சுக்கறேண்ணே"ன்னு வீராப்பா வந்தாரு. அன்னைக்கு அவர் சட்டைய அவரே தைச்சுக்கிட்டாரு. அதோட சரி, அது வாயத் திறந்து பாக்கற தைரியமே எனக்கு வரல. கொட்டாவி விட்டா மூக்கைப் பொத்திக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிடுவேன்.

போன்ல இவகிட்ட பொலம்பினேன். "ஏங்க, நம்ம புள்ளைக்கு எப்படிச் சொல்லிக் குடுத்தோம்? முன்னால நின்னு நாம தேய்ச்சுக் காட்டினோம்ல? அப்படிக் காட்டுங்க"ன்னா.

காட்டலாம். பல்லு வேணுமே. எனக்கு இருக்கறது செட்டு. சரின்னு அதைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு, மேனேஜர் பேஸ்ட்டையே போட்டு, "இங்க பாரு, இது மேல் வரிசை... இது கீழ் வரிசை"ன்னு தேய்ச்சேன். அப்பப் பாத்து ஒரு புது மாப்பிள்ளை முடிவெட்ட வந்தாரு. வந்த வேகத்துலயே திரும்பிப் போயிட்டாரு.

சிரிக்காதீங்க தம்பி. கத்தி தொண்டைகிட்ட இருக்கு.

ஆனா மேனேஜர் கண்ணு கொட்டாமப் பாத்துச்சு. புள்ளைக்கு ஏறுதுன்னு சந்தோஷப்பட்டு, தினமும் கடை திறந்ததும் அதே பாடம். பாடம் முடிஞ்சு, நுரையோட செட்டை வச்சுட்டுத் தண்ணி புடிக்கப் போவேன். திரும்பி வந்தா அது பெஞ்சுக்கடியில கெடக்கும். எலி வேலைன்னு நெனைச்சேன். பூனை இருக்கற கடையில எலியாம், என் புத்தியப் பாருங்க. எடுத்துக் கழுவி மாட்டிக்குவேன். மூஞ்சியச் சுளிக்காதீங்க, நல்லாத்தான் கழுவினேன்.

இன்னைக்குப் பாடம் முடிஞ்சு வந்து பாத்தா செட்டே இல்ல. பெஞ்சுக்கடியில, சீப்பு டப்பாவுல, வெட்டின முடிக்குள்ள எல்லாம் தேடிட்டேன். பல்லில்லாத நான், பல்லு விளக்காத பூனை, வர்றது அவ. எந்த வாயத் திறந்தாலும் மாட்டினேன்.

அதனால ஒரு ஒதவி தம்பி. உங்களுக்கு ஒரு பக்கம் மழிச்சாச்சு. இன்னொரு பக்கம் அப்புறம். பாதி மூஞ்சியோட நீங்க எங்கயும் ஓட முடியாதுல்ல? நான் பிரஷ்ஷ எடுக்கறேன், நீங்க மேனேஜரப் புடிச்சுக்கங்க. முழுக்கைச் சட்டைதான? நல்லதாப் போச்சு.

இதோ பேஸ்ட்டு மூடியத் திறக்கறேன்... பாருங்க, சத்தம் கேட்டதும் எறங்குது. எங்க போகுது? அலமாரிக்குப் பின்னால... என்னத்தையோ கவ்விக்கிட்டு வருது.

தம்பி, அது என் செட்டு. அசையாதீங்க, உங்க மடிமேலயே வச்சிடுச்சு. பேஸ்ட்டு போடுன்னு என் மூஞ்சியப் பாக்குது. சரி, போடறேன், என்னதான் பண்ணுதுன்னு பாப்போம்... அடப்பாவி. என் பல்லைக் கடிக்குது. வலது பக்கம்... இப்பத் தலையத் திருப்பி இடது பக்கம்... கடவாப்பல்லு வரைக்கும் விட்டுல்ல தேய்க்குது.

வாயத் திறக்குது, குனிஞ்சு பாருங்க. ஈறு செவந்திருக்கா? எனக்குக் கண்ணு கலங்கிக் கெடக்கு, நீங்கதான் பாத்துச் சொல்லணும். இல்லையா? நெசமாவே இல்லையா? நாத்தம்? மோந்து பாருங்க... வேணாம்னா விடுங்க, நானே பாக்கறேன். ஒண்ணுமில்ல தம்பி. வெறும் மீன் வாசனை. அப்ப ஊசி வேணாம்.

சொல்லிக் குடுத்தவன் நாந்தான், இல்லங்கல. வாத்தியார் பல்லையே பிரஷ்ஷா வச்சுக்கும்னு யாரு கண்டா? இப்ப அவகிட்ட என்னன்னு சொல்றது? பொக்கை வாயோட நின்னா ஏன்னு கேப்பா. செட்டைப் போட்டுக்கிட்டா...

இருங்க, முடிச்சிடுச்சு. உதட்டைச் சுத்தி ஒரு நக்கு நக்கிக்கிச்சு. இப்ப முன்னங்கால நீட்டி, செட்டை மெதுவா, மெதுவா என் பக்கம் தள்ளி விடுது.