எண்பது பொட்டலமும் அறுபத்திரண்டு சொந்தங்களும்

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர், நம் பாரங்காய் ஊராட்சியின் தலைமகன் தெயோதுலோ அவர்களே! கூடைப்பந்துத் திடலைக் கூட்ட மேடையாக்கித் தந்த இளஞ்சிங்கங்களே! முன்வரிசை நாற்காலிகளைக் காலையிலேயே கைப்பை போட்டுப் பிடித்துவைத்த தாய்மார்களே! கடைசி வரிசையில் நின்றபடி, என் பேச்சைக் கேட்பதுபோல் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் என் அருமைச் சக வியாபாரிகளே! உங்கள் அனைவருக்கும், பந்தாயன் தீவின் கருவாட்டுக்காரி ஃப்ளோராபெல்லின் உப்புக் காற்று கலந்த வணக்கம்!

சிறுதொழில் செய்பவர்கள் சமூக ஊடகத்தைச் சிக்கனமாகக் கையாள்வது எப்படி என்று பேசுமாறு என்னை அழைத்திருக்கிறார்கள். குடிகாரனைக் கூப்பிட்டு மதுவிலக்குப் பேசச் சொன்ன கதை இது! ஆனால் ஒன்று, தோழர்களே. விழுந்தவனுக்குத்தானே பள்ளத்தின் ஆழம் தெரியும்?

போன ஆண்டு இதே நாளில் எனக்கு எத்தனை பக்கங்கள் இருந்தன தெரியுமா? ஐந்து! எழுத ஒன்று, படம் போட ஒன்று, ஆடிப் பாட ஒன்று, கூவி விற்க ஒன்று. ஐந்தாவது எதற்கு? எனக்கே தெரியாது! பக்கத்துக் கடை மெர்லிண்டா வைத்திருந்தாள், நானும் வைத்தேன்.

விடிந்தால் கைப்பேசி, விளக்கணைந்தால் கைப்பேசி. வாடிக்கையாளர் நன்றி என்றால் நான் நன்றி சொல்ல வேண்டும். என் நன்றிக்கு அவர் நன்றி சொன்னால் அதற்கும் ஒரு நன்றி! மரியாதை தெரிந்த தீவல்லவா நம் தீவு? இப்படி நான் நன்றி சொல்லிக்கொண்டிருந்த அரைமணி நேரத்தில், தட்டியில் காய்ந்த டங்கிட் மீனில் பாதியைப் பூனைகள் பங்கு போட்டுக்கொண்டன. அவை ஒரு நன்றியும் சொல்லவில்லை.

என் கணவர் தீக்கியோ, அதோ, ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பின்னால் ஒளிகிறாரே, அவர்தான். ஒருநாள் படகிலிருந்து செய்தி அனுப்பினார். "ஃப்ளோரா, சோறு ஆக்கிட்டியா?" பழகிப்போன என் விரல்கள் என்ன பதில் அனுப்பின தெரியுமா? "அன்பு வாடிக்கையாளரே, விவரம் உள்பெட்டியில் அனுப்பப்பட்டுள்ளது." பாவம், மனிதர் உள்பெட்டியைத் திறந்து பார்த்தார். அங்கே சோறு இல்லை!

உள்பெட்டி! அது நம் ஊர் வியாபாரிகளின் பிறவி நோய். விலையை வெளியே எழுத மாட்டோம். ஏன்? மெர்லிண்டா பார்த்தால் ஐந்து பெசோ குறைத்துவிடுவாளே! ஆனால் நடந்தது என்ன? மெர்லிண்டா வேறு பெயரில் வந்து என்னிடம் விலை கேட்டாள், சொன்னேன். நான் வேறு பெயரில் போய் அவளிடம் கேட்டேன், சொன்னாள். எங்கள் இருவருக்கும் எல்லா விலையும் தெரியும். வாங்க வந்தவர்களுக்கு மட்டும்தான் தெரியாது!

என்ன மெர்லிண்டா, தலையைக் குனிகிறாய்? நானும் அந்தக் கூட்டம்தானே!

சிரித்தது போதும். இப்போது சிரிக்காமல் ஒரு செய்தி. போன ஆண்டு, ஹாங்காங்கில் ஒரு வீட்டில் எனக்கு வேலை கிடைத்தது. செபு நகரத்து முகவர் அலுவலகத்தில் என் தாள்கள் எல்லாம் தயார். வருகிறேன், வரவில்லை என்று புதன்கிழமை பதில் சொல்ல வேண்டும். இரண்டு ஆண்டு ஒப்பந்தம். என் மகள் லோரெலிக்கு ஆறு வயது. நான் திரும்பி வரும்போது எட்டு. இந்தக் கூட்டல் கணக்கைப் போட்டுப் பார்க்காத தாய் இந்தத் திடலில் எத்தனை பேர்? கை தூக்க வேண்டாம். எனக்குத் தெரியும்.

கருவாடு விற்காமல் குவிந்து கிடந்தது. தீக்கியோவிடம் சொன்னேன். "ஞாயித்துக்கிழம நேரலைல எண்பது பொட்டலமும் போச்சுன்னா நான் போகல. அது போகலன்னா நான் போறேன்."

"இன்னொரு தடவ மெதுவாச் சொல்லு," என்றார் அவர். சொன்னேன்.

இங்கேதான், பெரியோர்களே, என் குலம் களத்தில் இறங்கியது! என் அத்தை டீயா பூரிங் குடும்பக் கூட்டம் போட்டார். "ஆளில்லாத கடைக்குள்ள எவடி நுழைவா? சொந்தம்னு எதுக்கு இருக்கோம்? நாங்கெல்லாம் 'மைன்' போடுறோம். கூட்டத்தப் பாத்தாத்தான் கூட்டம் வரும்!"

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? நேரலையில் பொருளைத் தூக்கிக் காட்டியதும், 'மைன்' என்று முதலில் தட்டுபவருக்கே அது சொந்தம். ஞாயிறு பூசை முடிந்து, உதட்டுச்சாயம் பூசி, முதல் பொட்டலத்தைத் தூக்கினேன். மைன்! இரண்டாவதைத் தூக்கினேன். மைன், மைன்! தும்மகேட்டேயிலிருந்து மைன், மணிலாவிலிருந்து மைன், நடுக்கடலில் கப்பலில் சமையல் செய்யும் மச்சானிடமிருந்து மைன்! பதினோரு நிமிடம்! எண்பது பொட்டலமும் காலி! தீக்கியோ ஆடினார், லோரெலி ஆடினாள், நான் அழுதேன். "போகல, நான் போகல!" என்று மகளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

பிறகு பொட்டலம் கட்ட உட்கார்ந்தேன். முதல் பெயர், என் சித்தி மகன் ரோதுல்ஃபோ. "டோங், தம்பி, எந்த விலாசத்துக்கு அனுப்பட்டும்?"

"எத அனுப்பப் போறீங்க மனாங், அக்கா? நான் சும்மா ஒரு ஒத்தாசைக்குத் தட்டினேன்!"

அடுத்தவள், "எனக்கு மீனே ஆகாது மனாங், தின்னா ஒடம்பெல்லாம் தடிச்சுரும்." அதற்கடுத்தவள், "நல்லா ஓடுச்சுல்ல? எனக்குத்தான் நன்றி சொல்லணும்!"

அறுபத்திரண்டு பேர்! சிலர் பாசம் பொங்கி இரண்டு தடவை! எண்பது பொட்டலத்தில் ஒன்றுகூட வீட்டை விட்டு நகரவில்லை. ஊர் கூடித் தேர் இழுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறீர்கள். என் சொந்தங்கள் கூடி இழுத்த தேர் என் வீட்டுச் சுவரிலேயே மோதி நின்றது!

டீயா, முறைக்காதீர்கள். இன்னும் உங்கள் கட்டம் முடியவில்லை.

அன்று மாலை வந்த செய்திகளை முதல் முறையாக ஒவ்வொன்றாகப் படித்தேன். செபுவில் காலைச் சாப்பாட்டுக் கடை நடத்தும் வில்ஹெல்மினா என்ற அம்மையார் அன்று பதினோரு முறை 'மைன்' தட்டியிருக்கிறார். பதினோரு முறையும் என் சொந்தக்காரர் ஒருவர் முந்தியிருக்கிறார்! கடைசியில் எழுதியிருந்தார்: "மைன் போட்டவங்க எல்லாருக்கும் ஒங்க குடும்பப் பேரு. ஒங்ககிட்ட கருவாடு வாங்கணும்னா ஒங்க வீட்டுலயே பொறக்கணும் போல. நான் வேற எடம் பாத்துக்கறேன்."

அவர் பெயரைத் தேடினேன். எவரும் எட்டிப் பார்க்காத அந்த ஐந்தாவது பக்கத்தில், மூன்று வாரத்துக்கு முன்பே கேட்டிருந்தார்: "வாரம் நாப்பது பொட்டலம் வேணும். என்ன வெல?" அதற்கு நான் பதிலே சொல்லவில்லையா? சொல்லியிருந்தேன்! என்ன பதில்? ஓர் இதயம்! சிவப்பு நிறத்தில் ஓர் இதயம்!

நாற்பது பொட்டலம் கேட்டவருக்கு இதயத்தைக் கொடுத்தேனே! வயிற்றுக்கு வழி கேட்டு நான் வாசலெல்லாம் அலைந்தபோது, வழியே என் வாசலுக்கு வந்து காத்துக் கிடந்ததே!

தீக்கியோ சொன்னார். "உள்ளதச் சொல்லிரு ஃப்ளோரா."

"சொன்னா டீயா மனசு நோகுமே."

"நீ போயிட்டா லோரெலி மனசு நோகாதா?"

அவ்வளவுதான். நான்கு பக்கங்களை மூடினேன். அட்டைப்பெட்டி மூடியைக் கிழித்து, கொட்டை எழுத்தில் 'நூற்று எண்பது பெசோ' என்று எழுதினேன். திங்கள் காலை ஒன்பது மணிக்கு, உதட்டுச்சாயம் இல்லாமல் நேரலையில் நின்றேன். "நேத்து வாங்கினவங்க எல்லாரும் என் சொந்தக்காரங்க. ஒண்ணுகூட விக்கல. எண்பதும் இங்கதான் இருக்கு. வெல இதுதான். இனிமே யாரு மைன் போட்டாலும், பெத்த தாயே போட்டாலும், காசு குடுக்கணும்!"

அடுத்த நொடியே மெர்லிண்டா தன் பக்கத்தில் நூற்று எழுபத்தைந்து என்று எழுதினாள். எழுதட்டுமே! அவள் வாடிக்கையாளருக்கும் அன்றுதான் முதன்முதலாக விலை தெரிந்தது!

முதல் பொட்டலத்தைத் தூக்கினேன். உடனே ஒரு மைன்! யார்? டீயா பூரிங்! கை பழகிவிட்டது! உப்பையே தொடக்கூடாது என்று மருத்துவர் அடித்துச் சொன்ன அத்தை, இரண்டு பொட்டலத்தை மானத்துக்காகக் காசு கொடுத்து வாங்கினார். கைதட்டுங்கள், தாய்மார்களே! என் முதல் உண்மையான வாடிக்கையாளர் அதோ உட்கார்ந்திருக்கிறார்!

வில்ஹெல்மினாவுக்கும் தனியே எழுதினேன். நடந்ததை மறைக்காமல் எழுதினேன். பதில் வந்தது: "பதினோரு தடவ தட்டி வெரலே தேஞ்சுபோச்சு. வாரா வாரம் நாப்பது. இதயம் வேண்டாம், மீன் அனுப்புங்க."

என் இனிய வியாபாரப் பெருமக்களே! ஊடகம் கருவியா, எசமானா? கருவியென்றால் நேரம் வைத்துக் கையில் எடு, வேலை முடிந்ததும் கீழே வை! காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் போதும். விலை கேட்டவருக்கு முதல் பதில், வாழ்த்தியவருக்குப் பிறகு பதில். பராமரிக்க முடியாத ஐந்து வாசலைவிட, நீ உட்கார்ந்திருக்கும் ஒரு வாசல் மேல்! கூட்டத்தைக் காட்டாதே, விலையைக் காட்டு! விருப்பக்குறிகளை எண்ணாதே, விரும்பிக் கேட்டவர் யாரென்று பார்!

என்ன, பின்னாலிருந்து கேட்கிறீர்கள்? "சொந்தக்காரங்கள என்ன பண்றது?" என்றா? ஐயா, அதற்கு இன்னும் ஒரு செயலி வரவில்லை!

மேடை தந்த தலைவருக்கும், மழைக்கு முன் வந்து மழைக்குப் பின்னும் அமர்ந்திருக்கும் உங்களுக்கும், என் பிழையைப் பொறுத்த என் குலத்துக்கும் நெஞ்சார்ந்த நன்றி. ஒன்று மட்டும் சொல்லி அமர்கிறேன்.

அந்தப் புதன்கிழமை காலை முகவர் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. "என்ன மேடம், முடிவு பண்ணிட்டீங்களா?"

"ஒரு நிமிஷங்க, கையில சீப்பு இருக்கு. மகளுக்குப் பின்னல் போட்டுட்டிருக்கேன்."

"சரி, எப்ப முடியும்?"

நான் சொன்னேன். "அவ பள்ளிக்கூடம் முடிக்கிற வரைக்கும் தெனமும் இருக்குங்க."

வணக்கம்!