காரணம் எழுதாத வரி

ஜோசஃபின்: ...இல்ல அச்யுத், பெருசா ஒண்ணும் இல்ல. ஒரு சின்ன டவுட். பிஸியா இருக்கியா?

அச்யுத்: சொல்லுங்க மேம். பத்து நிமிஷத்துல ஒரு மீட்டிங்... அது வரைக்கும் ஃப்ரீதான்.

ஜோசஃபின்: புது ஆபீஸ் எப்படி? இங்கேருந்து போய் நாலு மாசம் ஆச்சு, ஒரு போன் கிடையாது.

அச்யுத்: நல்லா இருக்கு மேம். நல்ல டீம்.

ஜோசஃபின்: ஒரே சத்தமா இருக்கே.

அச்யுத்: பெரிய டீம்.

ஜோசஃபின்: இங்க சத்தமே இல்லப்பா. நீங்க அஞ்சு பேர் உக்காந்திருந்த வரிசையில இப்ப நான் ஒருத்திதான். காலையில வாட்ச்மேன்கிட்ட ரெண்டு வார்த்தை பேசினேன். அதுக்கப்புறம் வாயைத் திறக்கறது இப்பதான்.

அச்யுத்: அதான் எங்க இடத்துக்குப் புது ஜூனியர் வந்துட்டானே. லீவு கேக்க மாட்டான், டிராஃபிக்னு சொல்ல மாட்டான்...

ஜோசஃபின்: கிண்டலா?

அச்யுத்: நிஜமாத்தான் கேக்கறேன். எப்படி வேலை பாக்கறான் உங்க ஏஐ?

ஜோசஃபின்: நல்லாத்தான் பாக்குது. நீ மூணு நாள் இழுத்ததை மூணு நிமிஷத்துல முடிச்சுடுது.

அச்யுத்: ரெண்டரை நாள் மேம்.

ஜோசஃபின்: சரி, ரெண்டரை. திட்டினா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கறதில்ல.

அச்யுத்: நான் எப்ப தூக்கினேன்?

ஜோசஃபின்: ஒரு வாரம் என்கூட லஞ்சுக்கு வராம இருந்தது யாரு?

அச்யுத்: அது... வயித்து வலி.

ஜோசஃபின்: ஆமா ஆமா. இதுக்கு வயித்து வலியும் இல்ல. எது சொன்னாலும் சரிங்குது. வேணும்னே தப்பா ஒண்ணு சொல்லிப் பாத்தேன், அருமையான யோசனைங்குது. நீ இருந்தப்ப ஏன் மேம், எதுக்கு மேம்னு உயிரை எடுப்ப.

அச்யுத்: இப்ப நிம்மதியா இருக்குமே.

ஜோசஃபின்: ...நிம்மதிதான்.

அச்யுத்: மேம், ஒண்ணு கேக்கலாமா? எங்களை அனுப்பறதுக்கு முன்னாடி, எங்க வேலையையும் ஏஐ வேலையையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரு ஷீட் போட்டீங்களே. அதுல என்னைப் பத்தி என்ன எழுதினீங்க?

ஜோசஃபின்: எழுத இடமே இல்லப்பா. எத்தனை நிமிஷம், எத்தனை தப்பு. மேலிடத்துல அவ்வளவுதான் கேட்டாங்க. நான் கொஞ்சம் சண்டை போட்டிருக்கணும். போடல. அது எனக்கு உறுத்திட்டே இருக்கு.

அச்யுத்: விடுங்க மேம். டவுட்னு சொன்னீங்களே?

ஜோசஃபின்: ஆங்... அந்த டேங்கர் ஆப். அபார்ட்மென்ட்டுக்குத் தண்ணி லாரி புக் பண்றது. அதோட கோட்ல நீ ஒரு வரி போட்டிருந்த. ஒரு தேதி, அன்னிக்கு எந்த லாரிக்கும் புக்கிங் எடுக்காதேன்னு.

அச்யுத்: ஆயுத பூஜை.

ஜோசஃபின்: அதை எழுதி வச்சியா நீ?

அச்யுத்: வைக்கலையா?

ஜோசஃபின்: மொட்டையா தேதி மட்டும் இருந்துச்சு. காரணம் எழுது, காரணம் எழுதுன்னு எத்தனை தடவை தலையில அடிச்சுக்கிட்டேன்.

அச்யுத்: ஊருக்கே தெரிஞ்ச விஷயம்தானேன்னு விட்டுட்டேன் மேம். லாரியைக் கழுவி, மாலை போட்டு, டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சு நிறுத்திடுவாங்க. எங்க ஜோகுபாளையத்துல ஒரு டேங்கர் டிரைவர்கிட்டயே போய்க் கேட்டேன். "ஆவத்து காடி தெகெயல்ல"ன்னு கன்னடத்துல சொல்லிட்டார். கோடி குடுத்தாலும் அன்னிக்கு வண்டியை எடுக்க மாட்டாராம்.

ஜோசஃபின்: ஏஐ பழைய கோட் எல்லாம் சுத்தம் பண்ணிச்சு. தேவையில்லாத வரின்னு அதைத் தூக்கிடுச்சு.

அச்யுத்: ஏன்னு கேக்கலையா?

ஜோசஃபின்: அது எங்க கேக்கும்.

அச்யுத்: நீங்க பாக்கலையா மேம்?

ஜோசஃபின்: பாத்தேன். ஒரே வாரத்துல ஏழாயிரம் வரி மாத்தி நீட்டுது. ஒருத்தியா உக்காந்து எவ்வளவுதான் பாக்கறது... கண்ணு எரிஞ்சுது. ஓகேன்னு தட்டிட்டேன்.

அச்யுத்: ஐயோ. ஆயுத பூஜை அன்னிக்கு?

ஜோசஃபின்: முன்னூத்துச் சொச்சம் புக்கிங். ஒரு லாரி நகரல. வீடு நிறைய விருந்தாளி, குழாயில தண்ணி இல்ல. கஸ்டமர் கேர்ல சமாளிக்க முடியாம என் நம்பரைக் குடுத்துட்டாங்க. தமிழ்ல, கன்னடத்துல, இந்தியில... எல்லா பாஷையிலும் வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

அச்யுத்: ஏஐ என்ன சொல்லிச்சு?

ஜோசஃபின்: நீங்க சொல்றது சரி, என் தவறுதான், மன்னிக்கவும்னு. ரொம்ப மரியாதை.

அச்யுத்: நானா இருந்தா அழுதிருப்பேன்.

ஜோசஃபின்: நீ இருந்திருந்தா நானும் சேர்ந்து அழுதிருப்பேன். தனியா அழுறதுக்கு வெக்கமா இருந்துச்சு அச்யுத்.

அச்யுத்: மேலிடத்துல?

ஜோசஃபின்: யார் ஓகே பண்ணதுன்னு கேட்டாங்க. நான்தான்னேன்.

அச்யுத்: அப்புறம்?

ஜோசஃபின்: அப்புறம் என்ன... கேட்டுக்கிட்டாங்க.

அச்யுத்: அப்ப... மறுபடியும் ஆள் எடுப்பாங்களா மேம்?

ஜோசஃபின்: ஏன் கேக்கற?

அச்யுத்: சும்மா. ஒரு மனுஷன் வேணும்னு இப்பவாவது புரிஞ்சிருக்கும் இல்ல.

ஜோசஃபின்: நீதான் நல்ல டீம்ல இருக்கியே.

அச்யுத்: ம்... இருக்கேன்.

ஜோசஃபின்: சரி, உனக்கு மீட்டிங்குக்கு நேரமாச்சு. வைக்கட்டுமா?

அச்யுத்: வைக்காதீங்க மேம். மீட்டிங் இல்ல.

ஜோசஃபின்: கேன்சலா?

அச்யுத்: மீட்டிங்கும் இல்ல, டீமும் இல்ல. அல்சூர் ஏரிக்கரையில ஒரு பெஞ்சுல உக்காந்திருக்கேன். நாலு மாசமா இங்கதான். ஒம்பது மணிக்குப் பையை மாட்டிட்டுக் கிளம்பறேன், ஆறு மணிக்கு வீட்டுக்குப் போறேன். அம்மா டிபன் கட்டித் தரா.

ஜோசஃபின்: அச்யுத்...

அச்யுத்: வீட்டுல சொல்ல தைரியம் வரல மேம். போற இடத்துல எல்லாம், ஜூனியர் வேலையை ஏஐ பாத்துக்குது, அஞ்சு வருஷ அனுபவம் இருந்தா வாங்கங்கறாங்க. உள்ளயே விடலைன்னா அனுபவம் எங்கேருந்து வரும்?

ஜோசஃபின்: என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் இல்ல...

அச்யுத்: இப்ப சொல்லிட்டேன். எந்த சீட்டா இருந்தாலும் பரவால்ல. ஏன்னு கேக்கறதைக் கூட குறைச்சுக்கறேன். என்னை வேலைக்குக் கூப்பிடத்தானே போன் பண்ணீங்க? சொல்லுங்க மேம். நாளைக்கே வரேன்.

ஜோசஃபின்: சீட் எதுவும் இல்லப்பா. எனக்கே இன்னிக்குக் கடைசி நாள், மூணு மணிக்கு ஐடி கார்டைத் திருப்பிக் குடுக்கணும். பதினாறு வருஷம் ஆச்சு இங்க, யார்கிட்டயாவது சொல்லிட்டுப் போகலாம்னு பாத்தா ஒரு ஆள் இல்ல. அதான் டவுட்னு சொல்லி உன்னைக் கூப்பிட்டேன்... ஏரிக்கு எந்தப் பக்கம் உக்காந்திருக்க?