நெயில் பாலிஷ் வைத்த மூலைகள்

"நெயில் பாலிஷெல்லாம் எரிஞ்சி போச்சுக்கா. எது எதுன்னே தெரியல."

மாதனூரிலிருந்து வேலூர் போகும் பஸ்ஸில், முன் சீட்டுப் பெண் சொன்னாள். குழந்தையின் தடுப்பூசி அட்டையை எடுத்து வைத்தேனா என்று மூன்றாம் முறையாகப் பையைத் துழாவிக்கொண்டிருந்த நான் நிமிர்ந்தேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் அக்காவின் கழுத்தில் ஷூ கம்பெனி ஐடி கார்டு. "காலேஜ் லேப்ல இன்னாத்துக்குடி நெயில் பாலிஷ்?"

"டைட்டானியத்த லேத்துல கடையறோம்க்கா. வெட்டுற டூல் சீக்கிரம் தேஞ்சிடுது. டைட்டானியத்த சூடு பண்ணிட்டு கடைஞ்சா டூல் கம்மியா தேயுமான்னு பாக்கறதுதான் என் ப்ராஜக்ட். டூலு சின்ன சதுர பில்லை மாதிரி, நாலு மூலையாலயும் வெட்டலாம். சூட்டுல கடைஞ்ச மூலைக்கு செவப்பு, சும்மா கடைஞ்சதுக்கு பச்சை வெச்சேன். சூட்டுல ரெண்டுமே போய்டுச்சு."

"எங்க லைன்ல தோல் மேல பேனாவால கோடு போட்டு, தெச்சதும் சூடு காட்டித்தான் அழிப்போம். என்னை ஒரு வார்த்தை கேட்டியா, பெரிய இன்ஜினியரு!"

"கம்மியா தேஞ்சத சூடு பண்ணதுன்னு எழுதிடுங்கறாரு சார். வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் குடுக்கலன்னா அடுத்த செமஸ்டர்தான்."

"எழுதிட்டுப் போயேன்."

"அது நெஜமான்னு பாக்கத்தானக்கா இவ்ளோ பாடு? மொதல்லருந்து கடையப் போறேன். ஒரு டூல்ல ஒரே மூலை. தனித்தனி டப்பாவுல போட்டு எழுதி வெச்சுடுவேன்."

"சூடு பண்ணதுதான் ஜாஸ்தி தேஞ்சிருந்தா?"

"அப்ப அதத்தான் எழுதுவேன்."

காலேஜ் ஸ்டாப்பில் அவள் இறங்கினாள். பஸ் நகர்ந்தது. அக்கா ஜன்னல் வழியே தலையை நீட்டிக் கத்தினாள்.

"டப்பா மேல எழுதுடி! மூடி மேல எழுதாத, மூடி மாறிடும்!"